தங்கையின் கைகள்

விசாரணை அறையின் நீள மேஜைமேல் ஜன்னல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. காது கேளாதோர் சங்கத் தலைவர் எழுந்து நின்று, ஆஸ்பத்திரிகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கைகளால் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்று அதைக் குரலில் சொல்கிறாள் அவர் தங்கை. அவரைப் போலவே காது கேளாத அவர் மனைவி, வலி எங்கே என்று டாக்டருக்குப் புரியவைக்க முடியாமலே செத்துப்போனதையும் அவள் சொல்லி முடிக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம், மனுவை விசாரிக்கும் அரசுக் கமிட்டியின் தலைவர் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து, "ஊமைக்கு ஊமையே கழுத்தை நீட்டியிருக்கா பாருங்க" என்கிறார். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. என்ன சொன்னார் என்று அண்ணன் புருவத்தைத் தூக்கிக் கேட்கிறார். தங்கையின் கைகள் ஒரு நொடி அந்தரத்தில் நின்று, "வருத்தப்படுறாங்களாம்" என்கின்றன. அவர் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை; இன்னும் சிரிப்பு அடங்காத உதடுகளைப் பார்க்கிறார். அவள் மணிக்கட்டை மெல்லத் தொட்டுவிட்டு, "சொன்னதை அப்படியே சொல்லும்மா. அதுக்குத்தானே இத்தனை வருஷமா மல்லுக்கட்டுறோம்" என்று சைகை செய்கிறார். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் காட்டியிராத அந்த வார்த்தையை அவள் விரல்கள் காட்டுகின்றன. அவர் தலையாட்டுகிறார். மேஜையைப் பார்த்து நிமிர்ந்து, "இதையும் குறிப்புல எழுதிக்கச் சொல்லு" என்கிறார். எல்லாரும் அவள் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். வெறும் காற்றுதான் வருகிறது.