எங்களுது காதல் கல்யாணம்

"ஒரு பொண்ணு பின்னாடி போனதுக்கெல்லாமா மேடம் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு வருவாங்க?"

பெயிண்ட் கடை முதலாளி யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி பின்னால் நின்றாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெண் இன்ஸ்பெக்டர். முதலாளிக்குப் பாதி எரிச்சல் அதிலேயே. ஆம்பளை அதிகாரியாக இருந்தால் தோளில் ஒரு தட்டு, ஒரு சிரிப்பு, அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

"நீங்களும் உட்காருங்கம்மா" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் இவரிடம் திரும்பினார். "வேண்டாம்னு சொன்ன பிறகும் பின்னாடி போனா அது குற்றம்தான் சார்."

"கை வச்சானா என் பையன்? விரல்கூடப் படலையே."

"கை வச்சாத்தான் குற்றம்னு உங்களுக்கு யார் சொன்னது? அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணு நம்பரை மாத்திச்சு. புது நம்பரையும் கண்டுபிடிச்சு மெசேஜ் மேல மெசேஜ் போட்டிருக்கார். அது பஸ்ஸை மாத்திச்சு. அந்த பஸ்லயும் ஏறியிருக்கார். போன வாரம் அவங்க வீட்டு வாசல்ல நின்னு, என்னைக் கட்டிக்கலைன்னா உன்னையும் விட மாட்டேன், நானும் இருக்க மாட்டேன்னு கத்தியிருக்கார். அதுக்குப் பேர் மிரட்டல்."

முதலாளி மகனைத் திரும்பிப் பார்த்தார். சுவரோரப் பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடமிருந்து வாங்கி வைத்த போன் மேஜையில் இருந்தது. அவன் கண் அதன் மேலேயே இருந்தது. அப்படி என்ன பெரிசாகக் கேட்டுவிட்டான் பிள்ளை, ஒரு பொண்ணைத்தானே?

"அதெல்லாம் ஆசையில சொல்றது மேடம். ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா? முதல்ல அவ சிரிச்சிருப்பா."

"கடைக்கு வர்றவங்களைப் பாத்துச் சிரிக்கறது அவ வேலை. உங்க கடையில நீங்க சிரிக்க மாட்டீங்களா? பெயிண்ட் வாங்க வந்தவங்க யாராவது உங்களைக் கட்டிக்கறேன்னு வீடு வரைக்கும் வந்தாங்களா?"

ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க இருமினார். முதலாளிக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தல்களில் எல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரு கதை அவரிடம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்.

"எங்களுது காதல் கல்யாணம் மேடம். இவ டைப்பிங் கிளாஸ் போவா. நான் எதிர்ல சைக்கிள் கடை வாசல்ல நிப்பேன். மழை கொட்டினாலும் நிப்பேன். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வேற தெரு வழியா சுத்திப் போவா. அந்தத் தெரு முனையில போய் நிப்பேன். ஒரு தடவை செருப்பைக் கழட்டியே காட்டினா. விட்டேனா? அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்."

"அம்மி கல்லு சார். வேண்டாம்னு அதுக்குச் சொல்லத் தெரியாது."

"ஆனா நகர்ந்துச்சே. தெருவே எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பேச ஆரம்பிச்சது. அப்புறம் வேற எவன் கட்டுவான்? அவங்கப்பாவே எங்க வீடு தேடி வந்துட்டாரு. இன்னிக்கு என்ன குறை? சொந்தக் கடை, சொந்த வீடு, ராஜா மாதிரி பிள்ளை. அன்னிக்கு உங்களை மாதிரி ஒருத்தர் இந்த நாற்காலியில இருந்திருந்தா இந்தக் குடும்பமே இருந்திருக்காது."

நன்றாகவே சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் சாய்ந்துகொண்டார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இவளையே கேளுங்க. ஏய், சொல்லேன் நம்ம கதையை."

அவர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம் என்பார்கள் சொந்தக்காரர்கள். இன்றைக்கும் குனிவாள் என்று காத்திருந்தார். அவள் குனியவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப வேலைக்குப் போகுதா மேடம்?"

"இல்லம்மா. பயந்துபோய் வீட்டுல நிறுத்திட்டாங்க."

"நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. என்னையும் அப்படித்தான் நிறுத்தினாங்க. அப்புறம் நான் வெளியில வந்தது கல்யாணத்துக்குத்தான்."

பெஞ்சில் இருந்த மகன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "அம்மா, நீயாவது எனக்காகச் சொல்லேம்மா."

"அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களைப் புகாரை வாபஸ் வாங்க வச்சுடாதீங்க மேடம்" என்றாள் அவள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

முதலாளி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "இவ எப்பவுமே இப்படித்தான் மேடம். முதல்ல முரண்டு பிடிப்பா, அப்புறம் தானா வழிக்கு வந்துடுவா. அன்னிக்கும் கடைசியில சரின்னுதானேடி சொன்னே?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தே சொன்னாள்.

"இன்னிக்கு வரைக்கும் நான் சரின்னு சொல்லலை மேடம். சொன்னது எங்கப்பா."