மண்வெட்டியின் பின்பக்கம்

முதல் உதையில் பாகற்பந்தல் சாய்ந்தது.

மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், குழாயும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் கண்டக்டர் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடுதான் இந்தத் தெருவுக்குக் குடிவந்திருந்தார்.

கீழே, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், இரண்டாவது உதை தக்காளிக்கு விழுந்தது. ஊன்றியிருந்த குச்சியோடு சேர்ந்து செடி முறிந்தது. காய்கள் நாலா பக்கமும் உருண்டன. கோடை தொடங்கி இதுதான் முதல் காய்ப்பு. ஒன்றுகூட இன்னும் சிவந்திருக்கவில்லை.

உதைத்தவனை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

இப்போது அந்தத் தோட்டத்தில் நிற்கும் பெண் அந்த வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று அவளுடைய ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தது. கட்டியவன் கைவரிசை என்று கண்டக்டர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். பிறந்த வீட்டுக்குத் தப்பி வந்துவிட்டாள், இனி பிழைத்துக்கொள்வாள் என்று பெண்டாட்டியிடமும் சொன்னார். ஆளைப் பார்த்ததுமே டிக்கெட் எடுப்பவனா ஏய்ப்பவனா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற மனிதர் அவர்.

வந்த நாளிலிருந்து தோட்டமே கதி என்று கிடந்தாள் அந்தப் பெண். அந்த வீட்டுத் தையல்கார அம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு அவ்வப்போது ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள். மிளகாய்க்குத் தண்ணீர் கூடிவிட்டது என்பாள் ஒருத்தி, போதவில்லை என்பாள் மற்றவள். பேச்சுக்குப் பேச்சு அம்மா, அம்மா என்பாள் பெண். தாயும் மகளும் தவிர வேறு யாரும் இவ்வளவு உரிமையோடு சண்டை போட முடியாது என்று கண்டக்டர் ரசித்துப் பார்ப்பார்.

இப்போது ரசிக்க ஒன்றும் இல்லை.

வந்தவன் அவளைக் கிளம்பச் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். அவ்வளவுதான், பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு. காலையில் தண்ணீர் பாய்ச்சியிருந்த வெண்டைப் பாத்தியில் குப்புற விழுந்தாள். அவன் அவள் முதுகில் முட்டியை ஊன்றி, பிடரியைப் பிடித்து, முகத்தைச் சேற்றுக்குள் அழுத்தினான்.

அவள் கால்கள் உதைத்துக்கொண்டன. விரல்கள் வெண்டைக் கன்றுகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தன.

கண்டக்டருக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கூட்ட நெரிசலில் கடைசி சீட் வரைக்கும் கேட்கக் கத்திய தொண்டை அது. இன்றைக்கு அதிலிருந்து வந்தது வெறும் காற்றுதான். குழாய்த் தண்ணீர் அவர் பாதத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. உதைத்துக்கொண்டிருந்த கால்களில் ஒன்று அடங்கிப்போனது.

அப்போதுதான் தையல்கார அம்மாள் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் மண்வெட்டி. ஓடவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. நேராக அவன் பின்னால் போய் நின்று ஓங்கினாள். ஓங்கியவள் ஒரு கணம் தயங்கினாள். பிடியைக் கைக்குள் திருப்பி, வெட்டுவாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தால் இறக்கினாள்.

அடி முழங்கையில் விழுந்தது. காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

அப்படியும் அவன் எழுந்தான். நல்ல கையால் அம்மாளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சுவராகத் தள்ளினான். அவள் தலை சுவரில் மோதியது. மோதிய வேகத்திலேயே மண்வெட்டியைத் தாழ வீசினாள். அது முழங்கால் சில்லில் பட்டதும் அவன் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தான். மறுபடியும் ஓங்கினாள்.

"போதும்மா," என்றாள் பெண், வாயிலிருந்து மண்ணைத் துப்பிக்கொண்டே.

கண்டக்டருக்கு அப்புறம்தான் கால் வந்தது. அடுத்த வீட்டு வம்பு நமக்கு எதற்கு என்று படிக்கட்டில் மறித்த பெண்டாட்டியை ஒதுக்கிவிட்டு, வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஓடும்போதே போலீஸுக்குப் போன் போட்டார். தோட்டத்துக்குள் நுழையும்போது மூச்சு வாங்கியது. போனில் இருந்தவர் அடித்தவன் பெயரைக் கேட்டார்.

"உங்க மாப்பிள்ளை பேர் என்னம்மா?" என்று கேட்டார் கண்டக்டர்.

அம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். பெயரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள், பிறந்த தேதியோடு. எதிர்முனையில் இருந்தவர் அதற்கு மேலும் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"என் மகன்தான். நான் பெத்தவன். கையை ஒடிச்சதும் நான்தான். இவ என் மருமக, உசுரோட இருக்கா. அதையும் சேர்த்து எழுதிக்கங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கண்டக்டர் அதை வாங்கி எதற்கு என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே கிடந்தவன் தண்ணீர் வேண்டும் என்று முனகினான். மருமகள் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டு, கிட்டே போகாமல் மாமியாரிடம் நீட்டினாள். அம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவன் உதட்டோரத்து மண்ணைக் கட்டை விரலால் துடைத்தும் விட்டாள்.

இடது கையில் இருந்த மண்வெட்டியை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை.