கண்ணாடி பார்த்த பிறகு

"தொண்ணூத்தோரு நாள் பில் போதும், தங்கச்சி" என்றாள் பாண்டு அக்கா, நீல விண்ணப்பம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தபடி.

பத்திரம் வாங்க வந்திருந்த தையல்காரி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

அரசுக் கடன்பத்திரம், அதாவது 'பாண்டு', விற்கும் அந்த முகவருக்குத் தெருவே வைத்த பெயர் பாண்டு அக்கா. யார் எதைக் கேட்டாலும் முதலில் முகத்தைப் பார்ப்பாள். பிறகு எத்தனை நாள், எத்தனை வருடம் என்று அவளே சொல்வாள். போன வருடம் தையல்காரியின் அண்ணன் ஐந்து வருடப் பத்திரம் கேட்டு மல்லுக்கு நின்றார். பில் என்கிற குறுகியகாலப் பத்திரம்தான், அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் தரமாட்டேன் என்றுவிட்டாள். ஆறு மாதத்தில் பணம் கைக்கு வந்தது. மறுநாள், கல்லு மாதிரி இருந்த மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"நான் பத்து வருஷமில்லக்கா கேட்டேன்? கவுன் கேட்டா கைக்குட்டையை நீட்டுறீங்களே." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நூத்துக்குக் கொஞ்சம் குறைச்சுக் கட்டுவ. மூணு மாசத்துல முழு நூறா வந்துடும். செலவு பண்ணிக்க."

"வட்டி ஏறி இறங்குற பத்திரம் இருக்காமே? விலைவாசி ஏறினா அசலும் சேர்ந்து ஏறுறது ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. எல்லாம் நல்ல பத்திரம்தான். ஆனா, வருஷக்கணக்குல காத்திருக்கணும்." அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசைதான்.

தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்ததும் தலைமை அலுவலகத்துக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, தூங்குறீங்களா அங்க? நீண்டகாலப் பத்திரம் ஒண்ணுகூடப் போகலையே இன்னைக்கு!"

அக்கா ரிசீவரை மேசை ஓரமாக வைத்தாள். அவர் மேசையிலேயே கத்திக்கொண்டிருந்தார்.

தையல்காரியின் பக்கத்து நாற்காலியில் அவள் ஏழு வயது மகள், கால் தரையை எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி அவள் தலையில் கை வைத்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"சரிக்கா. எனக்கு என்னன்னு நான் கேட்கல. நீங்களும் சொல்லாதீங்க. கடையை வித்த காசு மொத்தத்தையும் இவ பேர்ல போடுங்க. நடுவுல வட்டியே வேணாம். பத்து வருஷம் கழிச்சு மொத்தமா வருமே, அந்தப் பத்திரம். அப்ப இவ காலேஜ் போவா. ஃபீஸ் கட்ட ஆள் இருக்கோ இல்லையோ, காசு இருக்கும்."

அக்கா சிறுமியைப் பார்த்தாள். சிறுமி விழுந்த பல்லின் இடைவெளியில் நாக்கை நீட்டிக் காட்டினாள். அக்கா சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, முதலில் எடுத்த அதே நீல விண்ணப்பத்தின் மேல் கை வைத்தாள். தொண்ணூற்றொரு நாள் பில்லுக்கானது.

"அது என்னோடதுக்கா. இவளுக்கு வேற எடுங்க."

அக்காவின் கை நகரவில்லை.

தையல்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மகளை இழுத்து வயிற்றோடு அணைத்தாள். "என் புள்ளைக்கு என்னக்கா? உடம்புல ஏதாவதா? சொல்லுங்க, எந்த டாக்டர்கிட்டயும் போறேன். எதுவானாலும் பார்த்துடலாம். சொல்லித் தொலைங்களேன்!"

"உன் புள்ளைக்குன்னு தனியா ஒண்ணுமில்ல, உக்காரு."

"பின்ன?"

அக்கா முதன்முறையாக நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள்.

"காலையில முதல்ல வந்தது புதுசா கல்யாணமான ஜோடி. அப்புறம் ஒரு வாத்தியார். அப்புறம் கைக்குழந்தையோட ஒருத்தி. முகம் கழுவப் போனப்ப கண்ணாடியையும் பார்த்துட்டு வந்தேன்" என்றாள். "இன்னைக்கு யாரைப் பார்த்தாலும் தொண்ணூத்தோரு நாள்தான் தெரியுது, தங்கச்சி."