மெட்டி கழற்றிய கால்

வாசற்படியில் சாய்வெயில் மஞ்சளாய்க் கிடக்கிறது. நடவுக்குப் போய்ச் சேற்றுப்புண் வாங்கிவந்த செங்கேணியின் காலைப் புருஷோத்தமன் மடியில் வைத்து, விரலிடுக்குகளில் ஈரம் போகத் துணியால் ஒற்றுகிறான். "அரிப்புதான் நின்னுபோச்சே, இன்னாத்துக்கு இன்னும் தடவிக்கினு கீற?" என்கிறாள் அவள். "போன தபா பாதில வுட்ட, திரும்ப வந்துது. நின்னாலும் சொன்ன நாள் வரிக்கும் தடவணும்னு உத்திரமேரூர் டாக்டரம்மா சொல்லிச்சில்ல?" களிம்பைக் கொஞ்சமாகப் பிதுக்கி, புண்ணிலும் சுற்றிலும் மெல்லிசாகத் தடவுகிறான். மெட்டி கழற்றிய விரலில் வெளுத்த வளையம் தெரிகிறது. கல்யாணத்தன்று அம்மிமேல் இந்தக் காலைப் பிடித்தபோது அவன் மெட்டியை நழுவவிட்டான், பந்தலே சிரித்தது. அதன்பிறகு இத்தனை வருஷத்தில், இந்தக் களிம்பு தடவத் தொடங்கும்வரை, இந்தக் காலை அவன் தொட்டதே இல்லை. செங்கேணி கூச்சத்தோடு தெருவை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். பிறகு மற்றொரு காலையும் நீட்டுகிறாள்.