வாத்து வயிற்றில் ஆர்விட்

"க்வாக்... க்வாக்... க்வாக்!"

சோளக்காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் தொலைஞ்சிட்டாரா?"

"சந்தேகமே இல்லை. வாத்து வயித்துலேர்ந்துதான் ஊதறாரு" என்றான் டிக்கெட் கிழிக்கிற கர்ட்டிஸ்.

நிஜ வாத்து இல்லை. இந்த வருஷம் லவோன் பண்ணையில் மக்காச்சோளக் காட்டை வாத்து உருவத்தில் வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். அலகு வழியாக நுழைந்து, அலைந்து திரிந்து, வால் வழியாக வெளியே வர வேண்டும். வயிற்றுப் பக்கம்தான் கஷ்டம். சின்னப் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிற இடம் அது.

சின்னப் பிள்ளைகளும் ஆர்விட்டும்.

மார்லிஸ் அந்த வீட்டுக்குப் புது மருமகள். செப்டம்பரில்தான் கல்யாணமாகி வந்தாள். வந்த கையோடு மாமியார் லவோன், அறுவடைக்கால வாரக்கடைசிக் கூட்டத்தை அவள் தலையில் கட்டிவிட்டாள். பூசணிக்காய்க்கு வர்ணம் அடிக்கிற மேஜை, வைக்கோல் வண்டி, சோளக்காடு எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாள், இந்த ஆர்விட்டைத் தவிர.

வாராவாரம் கையில் டோனட்டோடு வந்துவிடுவார். உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில், வாத்து வேட்டைக்காரர்கள் ஊதுகிற ஊதலை எடுத்து ஊத ஆரம்பிப்பார். வழி தெரியவில்லை, யாராவது வாங்களேன் என்று அர்த்தம். போன வாரம் அதைக் கேட்டு நிஜ வாத்துக் கூட்டமே வந்து இறங்கிவிட்டது.

"ஆறடி உயரம். ஆயுசு முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டினவராம்!" மார்லிஸ் பொரிந்தாள். "எந்தப் பிள்ளையை எந்த ஸ்கூல்ல இறக்கிவிட்டாரோ! போன வாரம் அஞ்சு வயசுப் பையன் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வரான். அதுக்கு முந்தின வாரம் ரெட்டைப் பிள்ளைங்க. மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேணாம்?"

அப்போது பூசணிக்காய் மேஜையிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தாள்.

"என் பொண்ணு டோவாவைக் காணோம்! அண்ணன்கூட உள்ளே போனா. அவன் வந்துட்டான், இவ வரலே. நிழலைப் பார்த்தாலே பயப்படுற பொண்ணுங்க அவ!"

மார்லிஸுக்குப் பகீர் என்றது.

"பதறாதீங்க, இதோ போறேன். கர்ட்டிஸ், நீ வால் பக்கமா வா, நான் அலகு பக்கமா..."

"க்வாக்! க்வாக்!"

"ஐயோ, இவர் வேற! குழந்தை அழுதாக்கூடக் காதுல விழாதே!"

அவள் காட்டுக்குள் கால் வைப்பதற்குள் வாத்துச் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் வால் பக்கம் ஒரு குட்டிப் பெண் வெளியே வந்தாள். கன்னமெல்லாம் ஆரஞ்சு வர்ணம், நடுவில் கண்ணீர் வழிந்த கோடு. ஆனால் நடையைப் பார்க்க வேண்டுமே, ராணி தோற்றாள்! ஆர்விட்டின் சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா! இந்தத் தாத்தா தொலைஞ்சு போயிட்டாரு. நான்தான் கண்டுபிடிச்சேன்!"

"நீ அழுதியாடா கண்ணு?"

"நான் எதுக்கு அழணும்? அவருதான் நடுங்கிக்கிட்டு இருந்தாரு. 'பயப்படாதீங்க, எந்தப் பக்கம் போகலாம்னு நான் சொல்றேன்'னு சொன்னேன்."

"ஆமாம்மா," என்று ஆர்விட் நெஞ்சில் கையை வைத்தார். "இந்தப் பொண்ணு மட்டும் வரலேன்னா, பனி கொட்டுற வரைக்கும் சோளத்தைக் கொறிச்சுக்கிட்டு உள்ளேயேதான் கிடந்திருப்பேன்."

கூட்டம் கைதட்டியது. டோவா இடுப்பில் கை வைத்து எல்லோருக்கும் தலையாட்டினாள். அண்ணனைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

அவர்கள் போன பிறகு மார்லிஸ் ஆர்விட்டிடம் வந்தாள்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்களைச் சோளக்காட்டுக்குள்ள விடமாட்டேன்."

அவர் முகம் சுருங்கிப்போனது.

"சீசன் முடிய இன்னும் ரெண்டு சனிக்கிழமை இருக்கேம்மா..."

"இருக்கட்டும். பேசாம உட்கார்ந்து பூசணிக்காய்க்கு வர்ணம் அடிங்க."

"போன வாரம் அடிச்சேனே. வாத்து வரைஞ்சேன்."

"உங்களுக்கு வாத்தை விட்டா வேற ஒண்ணுமே தெரியாதா?"

ஆர்விட் ஊதலைப் பைக்குள் போட்டார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நடந்தார். பாதி டோனட் கையிலேயே இருந்தது.

மார்லிஸுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனாலும் கண்டிப்பு வேண்டாமா? நேரே சமையலறைக்குப் போனாள். லவோன் டோனட் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்த ஆர்விட்டை இனிமே சோளக்காட்டுக்குள்ள வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

லவோனின் கரண்டி அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"பின்னே என்ன அத்தை? பொடிசுங்களுக்குத் தெரியற வழி அவருக்குத் தெரியலே. அது போகட்டும், அடுத்த வருஷம் இந்தப் பாதையைக் கொஞ்சம் சுலபமா போடச் சொல்லுங்க. பாவம், பிள்ளைங்க பயப்படுதுங்க."

"யார்கிட்ட சொல்ல?"

"இதென்ன கேள்வி? இந்த வாத்தை வரைஞ்சு, வழி வெட்டிக் குடுத்தாரே, அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

லவோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நீயே ஓடிப்போய்க் கூப்பிடு. வண்டி இன்னும் கேட்டைத் தாண்டலே."