பாதி டிஸ்க்கை அடைத்த கொடியேற்றம்

டிஸ்க்கில் இடமில்லை என்று கணினி மறுபடியும் காட்டியது. கிரிக்கெட் பதிவு பாதியோடு நின்றுவிட்டது.

லியோவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் டிவி பார்ப்பது, பதிவது எல்லாமே அந்தக் கணினியில்தான். போன வருட வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை உச்சத் தரத்தில் பதியச் சொன்னார் மாமியார் இருதயம்மாள். அதுவே பாதி டிஸ்க்கை அடைத்துக்கொண்டது.

"அழிச்சிடவா அத்தை? இந்த வருஷமும் கொடியேத்தத்தானே போறாங்க."

"வேணாம் மாப்பிள்ளை, இருக்கட்டும்."

"தினம் பாக்குறீங்க. மாதாவுக்கே சலிச்சுப் போயிருக்கும்."

இருதயம்மாள் சிரிக்கவில்லை.

அவர் பூசைக்குப் போன நேரத்தில், லியோ அந்தக் கொடியேற்றப் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துச் சேமித்தான். பழையதை நீக்கினான். கொடி தெரிந்தது, கோபுரம் தெரிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாயங்காலம் அவர் வழக்கமான இடத்தில் படத்தை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"முகம் எங்க மாப்பிள்ளை?"

"யார் முகம்?"

கூட்டத்தின் ஓரத்தில், ஒரு மெழுகுவர்த்திக்கு மேலே கலங்கிக் கிடந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நம்ம சான்ட்ரா. கண்ண மூடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி போயிருந்தாளே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"போட்டோவெல்லாம் எடுத்து உள்ள வச்சிட்டு, அவ பேச்சையே எடுக்காதீங்கன்னு சொன்னது நீங்கதானே?"

லியோ திரையருகே குனிந்தான். மனைவியின் முகம் இருந்த இடத்தில் நாலைந்து சதுரங்கள் இருந்தன.

டிஸ்க்கில் இப்போது தாராளமாக இடம் இருந்தது.