ஓட்டையில்லாத இலை

இந்த ஆர்டரும் கைநழுவினால், பிள்ளையை விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதைத் தவிர இந்திராணிக்கு வேறு வழியில்லை. பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று.

கொழும்பில் ரெஸ்டூரண்ட் நடத்தும் ரிப்கான் முதலாளி, கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பின்னால் அவள் போட்டிருந்த சலாதுக் கீரைப் பாத்தியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்னக்கா, போன கிழமை அனுப்பின போட்டோவுல இலையெல்லாம் ஓட்டையா இருந்திச்சே?”

“ஓட்டை இலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டேன், இப்ப ஒன்னுகூட இல்லீங்க மொதலாளி” என்றாள் பெருமையாக. பண்டாரவளைச் சந்தையில் ஓட்டை இலையை ஒருவரும் தொடமாட்டார்கள்.

“அந்த ஓட்டையப் பாத்துத்தான் நானே வந்தேன். பூச்சி தின்னிருந்தா மருந்து அடிக்கலன்னு அர்த்தம். எங்ககிட்ட சாப்பிட வர்றவங்க அதத்தான் கேக்கிறாங்க. இதுக்கு மருந்து அடிச்சீங்களா?”



“ஐயோ, இல்லீங்க! புழுவெல்லாம் கையாலயே பொறுக்கினேன்.” கறை படிந்த விரல்களை நீட்டிக் காட்டினாள்.

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப வருஷம் முழுக்க நானே எடுக்கிறேன்.”

சொல்லிக்கொண்டே ஓர் இலையைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனார்.

இந்திராணி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“திங்காதீங்க மொதலாளி! நேத்து சாயங்காலந்தான் அடிச்சேன்.”